நிறத்தில் அச்சான உடல்: பழைய வண்ண உடற்கூறு அச்சுப் படங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதுகுத் தசைகள் இரண்டு பக்கமும் உரித்து விரிக்கப்பட்டு, தலையைத் திருப்பி உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் படத்தை நீங்களும் பார்த்திருக்கலாம். 18ஆம் நூற்றாண்டு பாரிஸில் அச்சானது, பின்னாளில் 'உடற்கூறு தேவதை' என்று பெயர் பெற்றது. இந்தப் படத்தையும் இதன் கூட்டாளிகளையும் யாருக்குக் காட்டினாலும் வருகிற கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

இது அச்சா? பார்த்தால் ஆயில் பெயின்டிங் மாதிரி இருக்கே?

அச்சுதான். மெசோடின்ட் என்ற முறையில் தயாரித்த செப்புத் தகட்டில் மை தடவி, ஈரத் தாளில் அழுத்தி எடுத்தது. ஆயில் பெயின்டிங் மாதிரி இருக்கிறது என்று நீங்கள் நினைத்தால், செய்தவர்கள் நினைத்தது நடந்துவிட்டது என்று அர்த்தம். அந்த மயக்கத்தைத்தான் அவர்கள் விற்றார்கள். பல பிரதிகளுக்கு மேலே வார்னிஷ் வேறு பூசினார்கள், ஓவியத்துக்கு இருக்கும் பளபளப்பு வரட்டும் என்று. அந்த வார்னிஷ் காலப்போக்கில் பழுப்பேறி, இன்று நாம் பார்க்கும் படங்கள் சில அச்சான நாளில் இருந்ததைவிடக் கருமையாக இருக்கின்றன.

அந்தக் காலத்தில் கலர் பிரிண்டிங்கே கிடையாதே, கையால்தானே வண்ணம் பூசினார்கள்?

பெரும்பாலும் கையால்தான். 1543இல் வெசாலியஸ் என்ற உடற்கூறு மருத்துவரின் பெரிய நூல் வந்தபோது அதன் படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை மரக்கட்டை அச்சு. பேரரசர் ஐந்தாம் சார்லஸுக்குக் கொடுத்த பிரதிக்கு மட்டும் கையால் வண்ணம் தீட்டினார்கள். கையால் தீட்டுவதில் என்ன பிரச்சினை என்றால், ஒவ்வொரு பிரதியிலும் நிறம் கொஞ்சம் மாறும். பூவுக்கோ பறவைக்கோ அது பரவாயில்லை. நரம்பு எது, ரத்தக்குழாய் எது என்று நிறத்தை வைத்துப் பிரித்துச் சொல்ல வேண்டிய படத்தில், தீட்டுகிறவர் தூரிகையை ஒரு கோடு தள்ளி வைத்தால் பாடமே தப்பாகிவிடும்.

நிறத்தையே அச்சில் ஏற்றும் வழிகளும் இருந்தன. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஜெர்மனியிலும் இத்தாலியிலும் ஒரே படத்துக்கு இரண்டு மூன்று மரக்கட்டைகளைச் செதுக்கி, ஒவ்வொன்றையும் வேறு சாயத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடித்தார்கள். ஆனால் அதில் கிடைப்பது ஒரு நிறத்தின் இருட்டும் வெளிச்சமும்தான். உடம்பின் உண்மை நிறம் வராது.

சரி, அச்சிலேயே வண்ணம் வந்த முதல் உடற்கூறு படம் எது?

மிலானில் 1627இல் வெளியான, காஸ்பரே அசெல்லி என்ற இத்தாலிய மருத்துவரின் நூலில் உள்ள நான்கு பெரிய மரக்கட்டைப் படங்கள். மேலே சொன்ன பல கட்டை முறையில் அடித்தவை. இதன் பின்னால் இருக்கும் கதை நல்ல கதை. 1622 ஜூலை 23 அன்று, நன்றாகத் தின்றிருந்த ஒரு நாயை நண்பர்களுக்காக உயிரோடு அறுத்துக் காட்டிக்கொண்டிருந்தார் (கேட்கவே சங்கடமாக இருக்கிறது, ஆனால் அந்தக் கால வழக்கம் அது). குடல் பக்கம் மெல்லிய வெள்ளை இழைகள் பரவியிருந்தன. நரம்பு என்று நினைத்தார். ஒன்றைக் கீறியதும் பால் போன்ற திரவம் வெளியே வந்தது. உணவிலிருக்கும் கொழுப்பைக் குடலிலிருந்து எடுத்துப்போகும் நிணநீர்க் குழாய்கள் அவை. சாப்பிட்ட பிறகுதான் வெள்ளையாகத் தெரியும். பட்டினி கிடந்த நாயில் தேடினால் கிடைக்காது.

இங்கே நிறத்துக்கு ஒரு வேலை இருந்தது: ரத்தக்குழாயும் இந்தப் புதிய குழாயும் பின்னிப் பிணைந்து கிடக்கும்போது இரண்டையும் பிரித்துக் காட்டுவது. நூல் வெளிவந்தபோது அசெல்லி உயிரோடு இல்லை, நண்பர்கள்தான் அச்சிட்டார்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் குழாய்கள் கல்லீரலுக்குப் போகின்றன என்று அசெல்லி நம்பினார். அது தவறு. அவை எங்கே போய்ச் சேர்கின்றன என்பதை 1651இல் பெக்கே என்ற பிரெஞ்சுக்காரர் எழுதினார். வண்ணத்தில் அச்சடித்துவிட்டால் சரியாகிவிடும் என்றில்லை.

மெசோடின்ட் மெசோடின்ட் என்கிறீர்களே, அது என்ன?

சாதாரணச் செப்புத்தகட்டு வேலையில் மழமழப்பான தகட்டில் கோடு கீறுவார்கள், வெள்ளைத் தாளில் அது கறுப்புக் கோடாக விழும். மெசோடின்ட் அதற்கு நேர் எதிர். பல் பல்லாக இருக்கும் ஒரு வளைந்த உளியைத் தகடு முழுக்க எல்லாத் திசையிலும் ஆட்டி ஆட்டி, அம்மி கொத்துகிற மாதிரி, கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களால் சொரசொரப்பாக்கிவிடுவார்கள். இப்போது மை தடவி அச்செடுத்தால் முழுக்க இருட்டுதான் வரும். அப்புறம் எங்கெங்கே வெளிச்சம் வேண்டுமோ அங்கெல்லாம் சுரண்டியும் தேய்த்து மழமழப்பாக்கியும் படத்தை வெளியே கொண்டுவர வேண்டும். எவ்வளவு மழமழப்போ அவ்வளவு குறைவாக மை நிற்கும்.

லுட்விக் ஃபான் சீகன் என்ற ஜெர்மானியர் 1642இல் இதன் முதல் வடிவத்தைச் செய்து காட்டினார். கோடே இல்லாமல் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வழுக்கிக்கொண்டு போகும் என்பது இதன் பலம். தோல், சதை, ஈரமான குடல் இவற்றுக்கு இதைவிடப் பொருத்தமான முறை அன்று இல்லை. பலவீனமும் அதிலேயே இருக்கிறது: கூர்மையான விளிம்பு வராது, தகடும் சீக்கிரம் தேயும். சில நூறு பிரதிகளுக்குள் படம் மங்கத் தொடங்கிவிடும்.

மூணே கலரில் எல்லா நிறமும் வருமா? யார் கண்டுபிடிச்சது?

யாக்கோப் கிறிஸ்டோஃப் லெ பிளோன். 1667இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் பிறந்தவர், ஆம்ஸ்டர்டாமில் சோதனைகளைத் தொடங்கி, லண்டனில் பெரிதாக முயன்று, 1741இல் பாரிஸில் இறந்தார். ஒரே படத்துக்கு மூன்று மெசோடின்ட் தகடுகள். ஒன்றில் நீலம், ஒன்றில் மஞ்சள், ஒன்றில் சிவப்பு. ஒரே தாளில் மூன்றையும் அடுத்தடுத்து அழுத்தினால், மெல்லிய மைகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து பச்சை, பழுப்பு, தோல் நிறம் எல்லாம் வரும். மூன்றும் அடர்த்தியாகச் சேர்ந்த இடம் கறுப்பாகும்.

1725 வாக்கில் லண்டனில் வெளியிட்ட கொலோரித்தோ என்ற சிறு நூலில் இன்னொரு விஷயத்தையும் தெளிவாக எழுதினார். சாயங்களைக் கலந்தால் கறுப்பு வருகிறது, ஒளியின் நிறங்களைக் கலந்தால் வெள்ளை வருகிறது, இரண்டும் வேறு வேறு கணக்கு என்று. இன்று திரைக்கும் அச்சுக்கும் தனித்தனி நிற முறை வைத்திருக்கிறோமே, அந்த வேறுபாடுதான். அவருக்கு நேரமும் ஒத்துழைத்தது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் பிரஷ்ய நீலம் என்ற புதிய சாயம் உருவாகியிருந்தது. அடர்த்தியும் இருக்கும், மெலிதாகப் பூசினால் கீழே உள்ள நிறமும் தெரியும். அது இல்லாமல் அவருடைய நீலத் தகடு என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

கேமராவே இல்லாத காலத்தில் ஒரு படத்தை மூன்று நிறமாக எப்படிப் பிரித்தார்கள்?

கண்ணால். வேறு வழியே கிடையாது. ஒரு கன்னத்தைப் பார்த்து, இதில் மஞ்சள் இவ்வளவு, சிவப்பு இவ்வளவு, நிழலில் நீலம் இவ்வளவு என்று மனதுக்குள் பிரித்து, மூன்று தகட்டிலும் அந்த அளவுக்குச் சுரண்ட வேண்டும். இன்று ஸ்கேனர் ஒரு நொடியில் செய்வதை ஓர் ஆள் மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்தார். என்னைக் கேட்டால், இந்த முழு வரலாற்றிலும் ஆச்சரியப்பட வேண்டிய இடம் இதுதான். ஆனால் யாரும் இங்கே நிற்பதில்லை, எல்லோரும் பிணத்தைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

அடுத்த தலைவலி, மூன்று தகடும் ஒரே இடத்தில் விழ வேண்டும். தாள் ஈரமாக இருக்கும், அழுத்தும்போது நீளும், காயும்போது சுருங்கும். கொஞ்சம் தவறினாலும் விளிம்பில் நிறம் விலகித் தெரியும். நம் அச்சகங்களில் இன்றும் 'கலர் விலகியிருக்கு' என்று திட்டு விழுவது இதற்குத்தான்.

இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு, ஆள் கோடீஸ்வரர் ஆகியிருப்பாரே?

இல்லை. 1719இல் முதலாம் ஜார்ஜ் மன்னரிடம் உரிமம் வாங்கினார், பங்குதாரர்களைச் சேர்த்துக் கம்பெனி தொடங்கினார், புகழ்பெற்ற ஓவியங்களை வண்ண அச்சில் மலிவாக விற்கலாம் என்று கணக்குப் போட்டார். கம்பெனி சில ஆண்டுகளில் மூழ்கியது. அப்புறம் அதே மூன்று நிறக் கொள்கையை வைத்துத் திரைச்சீலை நெய்ய முயன்றார், அதுவும் ஓடவில்லை. பாரிஸுக்குப் போனார். அங்கே அரசு உரிமம் கிடைத்தது, ஆனால் அதிகாரிகள் அமர்த்திய ஆட்களின் முன்னால் முறையைச் செய்து காட்டி ரகசியத்தை விளக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. செய்து காட்டினார், கொஞ்ச நாளில் இறந்தும் போனார்.

உடற்கூறு படம் அவருடைய முக்கியத் தொழில் இல்லை. ஆனாலும் 1721இல் ஆண் இனப்பெருக்க உறுப்பின் பதப்படுத்திய மாதிரி ஒன்றை மூன்று நிறத்தில் அச்சிட்டிருக்கிறார். மெசோடின்ட் வண்ண அச்சு மருத்துவத்துக்குள் நுழைந்தது இந்த வழியாகத்தான்.

இதில் உருப்படியான வேலை யாருடையது? ஒரே ஒரு படம் பார் என்றால் எதைச் சொல்வீர்கள்?

யான் லாட்மிரால் செய்த குடல் துண்டு. 1736, நெதர்லாந்தின் லைடன். லெ பிளோனிடம் வேலை பழகியவர் இவர். லைடன் பல்கலைக்கழகத்தின் உடற்கூறு பேராசிரியர் அல்பினஸுக்காகவும், அதற்கு முன்பே இறந்துவிட்ட ஃபிரெடரிக் ரோய்ஸ் என்ற உடற்கூறு நிபுணர் விட்டுப்போன பதப்படுத்திய மாதிரிகளை வைத்தும், 1741க்குள் ஆறு வண்ணப் படங்கள் அச்சிட்டார். மொத்தமே ஆறுதான். குடல், தோல், மூளையை மூடும் சவ்வு என்று எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். தேவதைப் படத்தின் நாடகம் எதுவும் இதில் இல்லை.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், அந்தக் கால உடற்கூறு நிபுணர்கள் ரத்தக்குழாய்களுக்குள் நிறம் கலந்த மெழுகை ஊசி வழியாகச் செலுத்தினார்கள். தலைமுடி அளவு குழாய் வரைக்கும் நிறம் போய்ச் சேரும். ரோய்ஸ் இதில் மன்னன். அப்படிப்பட்ட மாதிரியில் நிறமேதான் தகவல். எது எந்தக் குழாய் என்று அதுதான் சொல்கிறது. கறுப்பு வெள்ளையில் அச்சடித்தால் பாதி விஷயம் போய்விடும். அசெல்லிக்கு நிறம் எதற்குத் தேவைப்பட்டதோ அதே காரணத்துக்குத்தான் லாட்மிராலுக்கும் தேவைப்பட்டது. மெசோடின்டின் மங்கலான விளிம்பும் குடலின் ஈரச் சவ்வுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது.

கோத்தியே தாகோத்தி, லெ பிளோனின் முறையைத் திருடினாரா?

திருட்டு என்று ஒரே சொல்லில் முடிக்க மாட்டேன், ஆனால் ஆள் நேர்மையானவர் என்றும் எழுத மாட்டேன். ழாக் ஃபாபியன் கோத்தியே தாகோத்தி மார்சேயிலிருந்து பாரிஸ் வந்தவர், முதலில் சொன்ன தேவதைப் படத்தைச் செய்தவர். 1738இல் லெ பிளோனிடம் கொஞ்ச காலம் வேலை செய்தார். 1741இல் லெ பிளோன் இறந்ததும் உரிமத்தைத் தன் பெயருக்கு வாங்கிக்கொண்டார். நான் சேர்த்தது கறுப்புத் தகடு, என்னுடையது நான்கு தகட்டு முறை, அவருடையது மூன்று, ஆகவே இது வேறு கண்டுபிடிப்பு என்பது அவர் வாதம். லெ பிளோனே நேரம் மிச்சம் பிடிக்கச் சில சமயம் நான்காவது தகடு வைத்தார் என்று எதிர்த்தரப்பு சொன்னது.

கறுப்புத் தகடு பயனுள்ளது என்பதில் சந்தேகமில்லை. நிழலையெல்லாம் அது தாங்கிக்கொள்ளும், மற்ற மூன்றில் நுணுக்கம் குறைந்தாலும் சமாளிக்கலாம், வேலை வேகமாகும். இன்று அச்சகத்தில் 'நாலு கலர்' என்று சொல்வதும் இதே ஏற்பாடுதான், சாயங்கள்தான் மாறிவிட்டன. ஆனால் பயனுள்ள ஒரு திருத்தம் செய்தவர், மொத்தத்தையும் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்வது என்ன நியாயம்?

நியூட்டனையே தப்பு என்று சொன்னவராமே இவர்?

ஆமாம், 1740களின் இறுதியிலிருந்து விடாமல் எழுதினார். நிறம் வெள்ளொளிக்குள் இருந்து பிரிவதில்லை, ஒளியும் இருளும் மோதும் இடத்தில் பிறக்கிறது என்பது அவர் கொள்கை. லெ பிளோன் தன்னை நியூட்டன் பக்கம் வைத்துக்கொண்டவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இதில் தொழில் போட்டியும் கொஞ்சம் கலந்திருக்கிறது. இயற்பியலில் அவர் தோற்றார், படங்கள் நன்றாகவே வந்தன. 1752இல் வண்ணப் படங்களோடு ஓர் அறிவியல் பத்திரிகையையும் தொடங்கினார். அந்தத் துணிச்சலை மறுக்க முடியாது.

அந்தத் தேவதைப் படம்: ஏன் அந்தப் பெண் அப்படிப் போஸ் கொடுக்கிறாள்?

தசைகள் பற்றி 1746இல் முழுமையாக வெளிவந்த, 20 படங்கள் கொண்ட தொகுப்பில் 14ஆவது படம் அது. பாரிஸ் அரச தாவரத் தோட்டத்தில் உடற்கூறு செய்துகாட்டும் அறுவை மருத்துவர் துவெர்னே அறுத்துக் கொடுக்க, கோத்தியே பார்த்து வரைந்து தகட்டில் ஏற்றினார். முதுகின் மேல்தசைகளைத் தூக்கிப் பக்கவாட்டில் விரித்தால்தான் உள்தசையும் விலா எலும்பும் தெரியும். ஆக அந்த 'இறக்கை' மருத்துவரின் கத்தி வேலை. தலை அலங்காரமும் திரும்பிய முகமும் ஓவியரின் வேலை. இறந்த உடலை உயிரோடு இருப்பதாக வரைவது வெசாலியஸ் காலத்திலிருந்தே வழக்கம்தான், கோத்தியே அதில் அழகுணர்ச்சியைக் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றினார்.

'உடற்கூறு தேவதை' என்ற பெயர் அவர் வைத்ததில்லை. கனவு போன்ற விசித்திரக் காட்சிகளை நாடிய 20ஆம் நூற்றாண்டின் சர்ரியலிஸ்டுகள் இந்தப் படத்தின்மேல் மயங்கி வைத்தது.

டாக்டர்கள் உண்மையிலேயே இதை வைத்துப் படித்தார்களா?

பெரும்பாலும் இல்லை என்றுதான் சொல்வேன். தசை எல்லாமே ஒரே சிவப்பு. அங்கே நிறம் புதிதாக எதையும் பிரித்துக் காட்டுவதில்லை. ஒரு தசை எங்கே தொடங்கி எந்த எலும்பில் முடிகிறது என்பதுதான் மாணவருக்கு வேண்டும், அதற்குக் கூர்மையான கோடு வேண்டும், மெசோடின்டில் அது வராது என்று மேலேயே சொன்னேன். அதே காலத்தில், 1747இல், அல்பினஸ் தன் பெரிய எலும்பு, தசைப் படத் தொகுப்பை வெளியிட்டார். லாட்மிராலை வைத்து வண்ணம் அச்சிட்டுப் பார்த்த அதே அல்பினஸ்தான். ஆனால் தன் வாழ்நாள் வேலைக்கு யான் வாண்டலாரின் கறுப்பு வெள்ளைச் செதுக்கலைத்தான் தேர்ந்தெடுத்தார். ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் குறியெழுத்துகளுக்காக வெறும் கோட்டுருவம் ஒன்றையும் தனியாக வைத்தார். வண்ணத்தின் அருமை தெரிந்தவரே எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்று பிரித்துப் பார்த்த முடிவு அது.

கோத்தியேயின் படங்களை வாங்கியவர்களில் மருத்துவர்களோடு, ஆர்வமுள்ள பணக்காரர்களும் இருந்தார்கள். உள்ளுறுப்புகள் பற்றிய 1752 தொகுப்பில் சில தாள்களைச் சேர்த்து ஒட்டினால் நின்ற கோலத்தில் முழு உருவம் கிடைக்கும். சுவரில் மாட்டத்தான் அது.

தோல் நிறத்தைப் பற்றியும் ஒரு படம் இருக்காமே?

இருக்கிறது. லாட்மிராலின் ஆறில் ஒன்று, 1737. கறுப்பு மக்களின் தோலுக்கு நிறம் எந்த அடுக்கிலிருந்து வருகிறது என்பது பற்றி அல்பினஸ் எழுதிய சிறு நூலுக்கானது. கறுப்பினத்தவர் ஒருவரின் உடலிலிருந்து உரித்த தோல் துண்டுகள் அதில் நிறத்தோடு அச்சாகியிருக்கின்றன. தொழில்நுட்பமாகப் பார்த்தால் வண்ண அச்சு அவசியமான இடம், சந்தேகமில்லை. ஆனால் அது யாருடைய தோல், அந்த மேசைக்கு எப்படி வந்தது என்ற கேள்வியை விட்டுவிட்டு அச்சு நுணுக்கத்தை மட்டும் ரசிப்பது எனக்கு முடிவதில்லை. டச்சுக்காரர்கள் அடிமை வணிகத்தில் இருந்த காலம் அது.

அப்போ மற்ற உடல்கள் எல்லாம் எங்கிருந்து வந்தன?

தூக்கிலிடப்பட்டவர்கள், மருத்துவமனையில் யாரும் கேட்க வராமல் இறந்த ஏழைகள். ஐரோப்பா முழுக்க ஏறக்குறைய இதுதான் நிலை. சம்மதம் என்ற பேச்சே கிடையாது. முந்தைய பதிலில் சொன்னது இங்கேயும் பொருந்தும்.

இவ்வளவு நல்ல முறை ஏன் நின்றுபோனது?

காசுதான். ஒரு படத்துக்கு மூன்று நான்கு தகடு, ஒவ்வொன்றும் மாதக்கணக்கு வேலை, சில நூறு பிரதியில் தேய்ந்துவிடும். லெ பிளோன் கம்பெனி மூழ்கிய கணக்கும் இதுதான். 1786இல் விக் தஸீர் என்ற பிரெஞ்சு மருத்துவர் மூளை பற்றி வெளியிட்ட பெரிய நூலில் வண்ணப் படங்கள் இருக்கின்றன, ஆனால் அவை அக்வாடின்ட் என்ற வேறு செப்புத்தகட்டு முறையில் வந்தவை. 1790களின் கடைசியில் கல்லில் வரைந்து அச்செடுக்கும் கல்லச்சு வந்தது, கல் அவ்வளவு சீக்கிரம் தேய்வதில்லை. 1837இல் எங்கெல்மான் என்ற அச்சாளர் பல நிறக் கல்லச்சுக்குக் காப்புரிமை வாங்கிய பிறகு மெசோடின்டைத் திரும்பிப் பார்க்க யாருக்கும் காரணம் இருக்கவில்லை. அப்போதும் கைவண்ணம் சாகவில்லை. பூர்ஜரியும் ஜாக்கோபும் 1831 முதல் வெளியிட்ட பிரமாண்டமான உடற்கூறு தொகுப்பின் வண்ணப் பிரதிகள் கல்லச்சின் மேல் கையால் தீட்டியவைதான்.

வண்ண அச்சா, கையால் தீட்டியதா என்று நானே எப்படிக் கண்டுபிடிப்பது?

பெரிதாக்கிப் பாருங்கள். கையால் தீட்டியதில் நிறம் கோட்டைத் தாண்டி வழியும், அல்லது கோட்டைத் தொடாமல் வெள்ளை விட்டிருக்கும். தூரிகை நின்ற இடத்தில் அடர்த்தியாக இருக்கும். மெசோடின்ட் வண்ண அச்சில் கோடே இருக்காது. நீலம், மஞ்சள், சிவப்புப் பொடித் துகள்கள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும், ஓரத்தில் நிறம் விலகியிருப்பதும் தெரியலாம். ஒரே தகட்டில் துணிப்பந்தால் பல நிற மைகளை இடம் பார்த்துத் தடவி ஒரே முறை அச்செடுப்பதும் உண்டு. அதில் ஓர் இடத்தில் ஒரு நிறம்தான், ஒன்றின்மேல் ஒன்று படியாது. சில பிரதிகளில் அச்சுக்கு மேல் கையாலும் தொட்டிருப்பார்கள், அப்போது எல்லா அடையாளமும் கலந்துதான் இருக்கும்.

எங்கே பார்ப்பது? வீட்டில் பிரிண்ட் போட்டு மாட்டலாமா?

லண்டன் வெல்கம் கலெக்‌ஷன், அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம், பிரெஞ்சு தேசிய நூலகத்தின் காலிகா தளம் ஆகிய மூன்றிலும் தேடினால் நல்ல ஸ்கேன்கள் கிடைக்கும். படங்களுக்குக் காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது, ஆனாலும் ஒவ்வொரு தளமும் தன் ஸ்கேனுக்கு என்ன விதி போட்டிருக்கிறது என்று ஒருமுறை படித்துவிடுங்கள். பிரிண்ட் போடுவதாக இருந்தால், நிறத்தைத் தூக்கிவிட்டுப் பளிச்சென்று ஆக்கிய போஸ்டர் பிரதிகளை எடுக்காதீர்கள், தாளின் ஓரமும் தகடு அழுந்திய தடமும் தெரிகிற ஸ்கேனாகப் பார்த்து எடுங்கள். சாப்பாட்டு மேசை இருக்கும் அறையில் மட்டும் வேண்டாம், வீட்டில் சண்டை வரும்.